பதினொரு மணித் தேநீரும் பணிவாழ்வின் சமநிலையும்

பணிவாழ்வில் பொருள், தோழமை, சமநிலை ஆகிய மூன்றையும் ஊழியர்களுக்கு வழங்கும்பொருட்டு, இக்கால நிறுவனங்கள் பெரும் பொருட்செலவில் பயிற்சி முகாம்களை நடத்தி வருகின்றன. நட்சத்திர விடுதியொன்றின் குளிரூட்டப்பட்ட அரங்கில் நடைபெறும் இம்முகாம்களில், ஊழியர்கள் ஒருவரையொருவர் நம்பிக் கண்மூடிப் பின்புறமாகச் சாயவும், வண்ணத் தாள்களில் தம் வாழ்க்கை இலட்சியத்தை எழுதிச் சுவரில் ஒட்டவும் பணிக்கப்படுகின்றனர். முகாமின் எந்தப் பகுதி பயனுடையதாக இருந்தது என்று இறுதியில் வினவப்படும்போது, அவர்களுள் பலர் தேநீர் இடைவேளையைச் சுட்டுகின்றனர். இம்மறுமொழியைப் பயிற்சியாளர்கள் அவமதிப்பாகக் கருதுவது வழக்கம். அது அவமதிப்பன்று, ஆய்வு முடிவே என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேநீர் இடைவேளை என்பது, தமிழ்நாட்டு அலுவலகங்களில் முற்பகல் பதினொரு மணியளவிலும் பிற்பகல் நான்கு மணியளவிலும், எவருடைய ஆணையும் இன்றி, இருவர் முதல் அறுவர் வரையிலானோர் ஒருசேர எழுந்து, வாயிலுக்கு எதிரேயுள்ள கடைக்குச் சென்று திரும்பும் கால அளவைக் குறிக்கும். இதற்கான அழைப்பு 'போலாமா?' என்னும் ஒற்றைச் சொல்லாலோ, புருவத்தைச் சற்றே உயர்த்துவதாலோ விடுக்கப்படும். எங்கே என்று கேட்பவர் புதிதாகப் பணியில் சேர்ந்தவர் என்று கொள்ளப்படுவார். வெளியேறுபவர், தாம் வெளியேறவில்லை என்பதற்குச் சான்றாக, மின்விசிறியைச் சுழலவிட்டு, கோப்பொன்றைத் திறந்து வைத்து, அதன்மேல் மூடி கழற்றிய பேனாவைக் கிடத்திச் செல்வது மரபு. மூக்குக் கண்ணாடியையும் உடன்வைத்துச் செல்வது பணிமூப்பு உடையோர்க்கே கைவரும். அவர்களுக்குக் கோப்பைப் படிக்கத்தான் கண்ணாடி வேண்டுமேயன்றி, வடையின் அளவை மதிப்பிட வேண்டுவதில்லை.

இவ்விடைவேளையின் தோற்றத்தை முதலாளிகளின் கருணைக்கு உரியதாக்குவோர்க்கு வரலாறு இசைவாக இல்லை. இந்தியாவில் விளைந்த தேயிலை நெடுங்காலம் கப்பலேறி அயல்நாட்டுக் கோப்பைகளையே நிறைத்து வந்தது. பின்னர், 1903இல் விதிக்கப்பட்ட தேயிலைத் தீர்வையின் வருவாயைக் கொண்டு உள்நாட்டிலும் பரப்புரை நிகழ்ந்தது. ஆலைகளிலும் சுரங்கங்களிலும் தேநீர்ச் சாவடிகளை அமைக்குமாறும், தொழிலாளர் தேநீர் பருகுவதற்கென நேரம் ஒதுக்குமாறும் ஆலை உரிமையாளர்கள் தூண்டப்பட்டனர். தொழிலாளி களைத்திருக்கிறான் என்பதைவிட, தேயிலை விற்றாக வேண்டும் என்பதே இதன் தலையாய காரணமாகும். காப்பி நடுத்தர வகுப்பினரின் பெருமிதமாகவும் தேநீர் உழைப்பாளியின் பானமாகவும் தமிழகத்தில் பிரிந்து நின்றமையை 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் ஆ. இரா. வேங்கடாசலபதி ஆராய்ந்துள்ளார். வணிகர்கள் விற்க விரும்பியது தூளை மட்டுமே. அதனோடு இலவச இணைப்பாக வந்த பதினைந்து நிமிடத்தை உழைப்பாளர் தமதாக்கிக்கொண்டனர் என்பதே இவ்வரலாற்றின் சுவையான பகுதி.

எனினும் எல்லா இடைவேளைகளும் இத்துணை எளிதாகக் கிட்டியவை அல்ல. இந்தியாவின் தொடக்ககாலத் தொழிற்சங்கங்களுள் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918ஆம் ஆண்டு ஏப்ரலில் தோன்றியபோது, பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர் முன்வைத்த முதற்குறைகளுள் ஒன்று, உச்சிவேளை இடைவேளை உண்பதற்குப் போதவில்லை என்பதாகும். சங்கத் தலைவர்களான பி. பி. வாடியாவும் திரு.வி.க.வும் மேடையேறிப் பேசவேண்டியிருந்தது, ஒருவன் சோற்றை மென்று விழுங்கும் நேரத்துக்காகத்தான் என்பதை மதிய உணவைக் கணினியின் முன்னமர்ந்து விழுங்கும் இன்றைய பட்டதாரி அறிந்திருப்பது நலம். பின்னர் வந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அரைமணி நேரமேனும் ஓய்வளிக்காமல் எவரையும் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றும், 250க்கு மேற்பட்டோர் பணிபுரியும் ஆலைகளில் உணவகம் அமைக்கச் செய்யலாம் என்றும் விதித்தது. சட்டம் நேரத்தைத் தந்தது, கூரையையும் தந்தது. அந்நேரத்தில் யாரோடு நிற்பது என்பதை மட்டும் அது தரவில்லை, தரவும் இயலாது.

யாரோடு நிற்பது என்பதன் அருமையை மேலைநாட்டு அறிஞர்கள் பெருமுயற்சியின் பின்னரே கண்டறிந்தனர். அமெரிக்காவில் சிகாகோ நகரையடுத்து இயங்கிய ஹாத்தார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடைபெற்ற ஆய்வுகளின் ஒரு கட்டத்தில், தொலைபேசி அமைப்புக்குரிய ரிலேக்களை, அதாவது மின்னோட்டத்தைத் திறக்கவும் மூடவும் பயன்படும் சிறு கருவிகளை, பூட்டும் பெண்கள் சிலர் தனியறையில் அமர்த்தப்பட்டு, அவர்களுக்கு இடைவேளைகள் பலவாறு கூட்டியும் குறைத்தும் வழங்கப்பட்டன. இடைவேளை அளித்தபோது உற்பத்தி உயர்ந்தது; அதனைப் பறித்தபோதும், எதிர்பார்த்தபடி அது பழைய நிலைக்கு இறங்கவில்லை. குழப்பமுற்ற ஆய்வாளர்களுக்கு, அப்பெண்கள் தமக்குள் பேசிப் பழகி ஒரு குழுவாகிவிட்டமையே காரணம் என்று எல்டன் மேயோ போன்றோர் விளக்கம் தந்தனர். இவ்விளக்கத்தைப் பிற்கால அறிஞர்கள் சிலர் ஐயுற்றனர் எனினும், மேலாண்மைப் பாடநூல்களில் அது நிலைபெற்றுவிட்டது. ஐந்து பேர் சேர்ந்து பேசிச் சிரித்தால் வேலை நடக்கும் என்பதை, எட்டாண்டுச் செலவின்றி, எந்த டீ மாஸ்டரும் ஒரு தேநீரின் விலைக்குச் சொல்லியிருப்பார்.

டீ மாஸ்டர் எனப்படுபவர், பாய்லரின் முன்நின்று, துணி வடிகட்டியில் இறக்கிய சாயத்தைப் பாலோடு சேர்த்து, ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்குக் கை நீளும் உயரத்திற்கு ஆற்றித் தருபவர். பணிவாழ்வின் பொருள் குறித்த ஆய்வில் இவருக்குத் தனியிடம் உண்டு. நவீன அலுவலக முறை மனிதரை நீக்கிவிட்டுப் பதவியை மட்டும் எஞ்சவிடுகிறது என்பது, ஜெர்மானியச் சமூகவியலறிஞர் மாக்ஸ் வேபரின் எழுத்துகளிலிருந்து பெறப்படும் கருத்து. அக்கருத்தின்படி, இருக்கையில் அமர்ந்திருப்பவர் நாளை மாற்றப்பட்டாலும் கோப்பு நகர்ந்துகொண்டே இருக்கும். முப்பதாண்டுகள் பணியாற்றியவரையும் அலுவலகம் 'அ2 பிரிவு' என்றே அறிந்திருக்க, எதிர்க்கடை மாஸ்டரோ 'சர்க்கரை கம்மி, கொஞ்சம் ஸ்ட்ராங், ஆடை வேண்டாம்' என்று அவரைத் தனியொருவராக அறிந்திருக்கிறார். அவருக்குச் சர்க்கரை நோய் கண்ட நாளையும் துறைத்தலைவருக்கு முன்பே அறிந்துகொள்கிறார். ஒருவர் இல்லாதபோது 'சார் ஏன் வரல?' என்று கேட்கும் இடம் எதுவோ, அதுவே அவருக்குப் பொருளுடைய இடமாகிறது. ஓய்வூதியர் ஆண்டு நேர்காணலுக்குக் கருவூலம் வரும் பெரியவர்கள், தாம் பணியாற்றிய அறையை எட்டிப் பாராமல், பழைய கடையின் பெஞ்சைத் தேடிச் செல்வதற்குக் காரணமும் இதுவே.

தோழமையின் இலக்கணம், தேநீருக்குக் காசு கொடுக்கும் முறையில் முழுமையாக வெளிப்படுகிறது. முறை என்பது, 'இன்னைக்கு நான்' என்று ஒருவர் முன்வருவதால் நாள்தோறும் கைமாறுவதும், எங்கும் எழுதப்படாததும், எவராலும் மறக்கப்படாததுமான கணக்காகும். இதனடிப்படையில் பருகுவோரை நால்வகையாகப் பிரிக்கலாம். முதலாமவர், கேட்கும் முன்பே கொடுத்துவிட்டு, அதனைப் பிறகு நினைவூட்டாத பெருந்தகை; இவர் அரிதாகவே காணப்படுவார். இரண்டாமவர், பிறர் கொடுத்து முடித்த நொடியில் சட்டைப்பையில் கைவிட்டு, 'நான் குடுக்கறேனே' என்று மன்றாடுபவர். மூன்றாமவர், காசு கொடுக்கும் வேளையில் தவறாது கைபேசி அழைப்பு வரப்பெற்று, சாலையின் மறுபுறம் வரை நடந்து பேசுபவர். நான்காமவர், ஐந்நூறு ரூபாய்த் தாளொன்றை ஆண்டுக்கணக்கில் சில்லறை மாற்றாது பேணிக்காப்பவர். கைபேசி வழிப் பணம் செலுத்தும் வசதி இவருக்குப் பேரிடியாக வந்ததெனினும், 'சர்வர் டவுன்' என்னும் புதுவழி விரைவில் திறந்துவிட்டது. நால்வரும் நாள்தோறும் ஒருங்கே செல்வதும், நான்காமவர் விடுப்பெடுத்தால் ஏனையோர்க்குத் தேநீர் சுவைப்பதில்லை என்பதும் கருதத்தக்கன. குறையை அறிந்த பின்னரும் உடன் அழைத்துச் செல்லும் இப்பண்பை எந்தப் பயிற்சி முகாமாலும் ஒரே பிற்பகலில் ஊட்டிவிட முடியாது.

தகவல் தொழில்நுட்பத் துறையினர் இவ்வழக்கைத் துறந்துவிட்டனர் என்பது தவறான கருத்து; அவர்கள் அதனை ஆங்கிலப் பெயரில் அரைகுறையாக மீட்டெடுக்க முயன்றனர் என்பதே சரி. 'ஸ்டாண்ட்-அப்' எனப்படுவது, மென்பொருள் குழுவினர் நாள்தோறும் பதினைந்து நிமிட அளவில் கூடி, நேற்றுச் செய்தது, இன்று செய்யவிருப்பது, இடையே நிற்கும் தடை ஆகியவற்றைக் கூறும் கூட்டமாகும். நின்றுகொண்டு பேசினால் பேச்சு நீளாது என்பது அதனை வகுத்தோரின் நம்பிக்கை. அவர்கள் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடை எதனையும் கண்டதில்லை என்பது இதனால் தெளிவாகிறது. கூட்டத்தில் தடை ஏதுமில்லை என்று கூறிய அதே பொறியாளர், அலுவலகத்துக்குள் இலவசக் காப்பி இயந்திரம் இருக்கவும், கழுத்தட்டையைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு பழைய மகாபலிபுரம் சாலையோரக் கடைக்கு நடந்து, அங்கே தடைகள் அனைத்தையும் அவற்றின் பெயர், பதவி, குணநலன்களோடு விரித்துரைக்கிறார். பல வேளைகளில் அதற்குரிய தீர்வும் அங்கேயே கிடைத்துவிடுகிறது. அது மறுநாள் கூட்டத்தில் வேறொருவர் பெயரில் அறிவிக்கப்படுவது வேறு செய்தி.

சமநிலையைப் பற்றிய குழப்பம், வேலையை ஒரு தட்டிலும் வாழ்க்கையை மறுதட்டிலும் இட்டு நிறுக்கும் எண்ணத்திலிருந்து எழுகிறது. 2023 ஏப்ரலில், நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப்பின் திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில், இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்போசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நாராயண மூர்த்தி கூறினார். ஆறு நாட்களுக்குப் பகுத்தால் அது நாளொன்றுக்கு 11 மணி 40 நிமிடமாகும். இதில் இரண்டு தேநீர் அடங்குமா என்பது விளக்கப்படவில்லை. வேலை முடிந்த பின்னரே வாழ்க்கை தொடங்கும் என்று கொண்டால், இக்கணக்குகளில் வாழ்க்கைக்கு எஞ்சுவது தூக்கமும் பேருந்துப் பயணமுமே. வேலைநேரத்துக்குள்ளேயே வாழ்க்கை நாள்தோறும் இருமுறை நுழைந்து வெளியேறுவதை ஏற்றுக்கொண்டால், மாலையில் வீட்டுக்குச் செல்பவர் மனிதராகவே செல்வார்.

இதற்கு வலிமையான மறுப்பு, மனுவோடு வந்து நிற்பவரிடமிருந்து எழுகிறது. 'சார் டீ குடிக்கப் போயிருக்கார்' என்னும் தொடரைக் கேளாமல் பட்டாவோ சான்றிதழோ பெற்றவர் அரியர். ஒருவருடைய சமநிலை மற்றொருவருடைய காத்திருப்பால் வாங்கப்படுவது அறமாகாது. திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்காகப் பேருந்து மாறி வந்தவருக்கும் களைப்பு உண்டு, அவருக்கும் தேநீர் தேவை. அவர் எதிர்க்கடைக்கு வந்து, தாம் தேடும் அலுவலர் யாரென அறியாமல் அவரருகிலேயே நின்று பருகி, அவரைப் பற்றி அவரிடமே குறைசொல்லிச் செல்வது உண்டு. அலுவலகச் சீர்திருத்தத்துக்கு இதனினும் சிறந்த வாய்ப்பு இருப்பதாகத் தெரியவில்லை. எவ்வாறாயினும், பதினைந்து நிமிடம் நாற்பத்தைந்து ஆகும்போது அதற்குத் தேநீர் இடைவேளை என்ற பெயர் பொருந்தாது; அதற்கு உரிய பெயரை வரிசையில் நிற்பவர் நன்கறிவார், ஆயினும் அது அச்சிடத்தக்கதன்று.

இத்தோழமையின் எல்லைகளையும் குறிப்பிட்டாக வேண்டும். எவரும் கூடும் இடமெனப் புகழப்படும் தேநீர்க் கடையிலேதான் இரட்டைக் குவளை முறை, அதாவது சாதி பார்த்துத் தனிக்குவளையில் தேநீர் தரும் இழிவழக்கம், தமிழகத்துச் சிற்றூர்களில் நிலவியது. சாலையோரப் பெஞ்சு நெடுங்காலம் ஆண்களுக்கே உரியதாக இருந்தமையால், பெண் ஊழியர்கள் மதிய உணவு மேசையில் சாம்பாரும் சீட்டுப் பணமும் கைமாறும் தனித் தோழமையொன்றை வளர்த்துக்கொண்டனர். நாள்முழுதும் நின்றே துணி விரித்துக் காட்டிய கடை ஊழியர்க்கு அமரும் உரிமையைத் தமிழ்நாட்டுச் சட்டம் தந்ததே 2021இல்தான். அவர்களுள் பலருக்கு இன்றும் தேநீர் காகிதக் குவளையில் வருகிறது, இடைவேளை வருவதில்லை. ஆகவே, சமநிலையைப் பற்றி உரையாற்றத் தொடங்குவோர், முதலில் தம் நிறுவனத்தில் யாருக்கு நாற்காலி இல்லை என்று எண்ணிப் பார்த்துவிட்டு ஒலிவாங்கியைத் தொடுவது நன்று.

இதுகாறும் கூறியவற்றால், பணிவாழ்வின் பொருளும் தோழமையும் சமநிலையும் ஆண்டுக்கொருமுறை விடுதியில் வழங்கப்படுவன அல்ல, நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்வன என்பது பெறப்படும். எனவே, நிறுவனத் தலைவர்கள் முகாமுக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு வாயிலருகே நிழலும் நான்கு பெஞ்சுகளும் அமைப்பார்களாக. வாசகர்களோ பதினொரு மணிக்குத் தவறாது எழுக, தனியே செல்லற்க, புதிதாகச் சேர்ந்தவரையும் அழைத்துச் செல்க, பதினைந்து நிமிடத்தில் திரும்புக. தம் முறை வரும் நாளில் கைபேசியை அணைத்து வைத்துக் காசைக் கொடுத்துவிடுக.