நாற்காலியில் உட்காரும் முன்பு

தலைமை ஆசிரியர்கள், கல்வி அலுவலர்கள், மேலாளர்கள் ஆகியோருக்கான பயிற்சி பற்றி வந்த கேள்விகள் மட்டும் இந்த முறை.

கே: நல்ல ஆசிரியர் நல்ல தலைமை ஆசிரியராக இருக்கமாட்டாரா? அதற்கு எதற்குத் தனிப் பயிற்சி?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ப: இருக்கலாம். ஆனால் தானாக ஆகிவிடமாட்டார். வகுப்பறையில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஆசிரியர் அறையில் அவரைவிட மூத்தவர்கள் இருப்பார்கள். நேற்றுவரை ஒன்றாக டீ குடித்த நண்பரிடம் இன்று "ஏன் தாமதம்?" என்று கேட்க வேண்டியிருக்கும். கணக்கில் சென்டம் வாங்கவைக்கும் திறமை அந்த இடத்தில் கைகொடுக்காது. ஒரு வேலையில் கெட்டிக்காரரை அவருக்குப் பழக்கமில்லாத வேலைக்கு உயர்த்தி வீணடிக்கும் வழக்கத்தை 'பீட்டர் கொள்கை' என்று 1969-இல் நூலாக்கிய லாரன்ஸ் பீட்டர் கல்வித் துறைக்காரர்தான். அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுகளை ஆராய்ந்து பென்சன், லீ, ஷூ என்ற மூவர் 2019-இல் வெளியிட்ட கட்டுரையும் இதையே காட்டியது. அதிகம் விற்றவர்களுக்கே பதவி உயர்வு கிடைத்தது. அப்படி உயர்ந்தவர்களின் கீழே இருந்தவர்களின் விற்பனை இறங்கியது. நல்ல விற்பனையாளரும் போனார், நல்ல மேலாளரும் கிடைக்கவில்லை.

கே: நிர்வாகத் திறமை பிறவியிலேயே வருவதா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

ப: தமிழ்நாட்டில் 37,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. அத்தனைக்கும் பிறவி நிர்வாகிகளை எங்கே தேடுவது? கற்றுக்கொடுப்பதுதான் வழி.

கே: உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியையாகப் பொறுப்பேற்று மூன்று மாதம் ஆகிறது. பில், பதிவேடு, எமிஸ் இணையதளப் பதிவு என்றே பொழுது போகிறது. எதை முதலில் கற்றுக்கொள்வது?
– விருதுநகர் மாவட்டம்

ப: முதலில் பணக் கணக்கை. உங்கள் பள்ளியில் பணம் பெற்று வழங்கும் அலுவலர் நீங்கள்தான். ரொக்கப் புத்தகத்தைப் பணம் புழங்கிய அன்றே முடித்துக் கையெழுத்திடுங்கள். மாதக் கடைசியில் வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருப்புப் பதிவேட்டில் பத்து நுண்ணோக்கி என்றிருந்தால் பீரோவைத் திறந்து பத்தையும் கண்ணால் பாருங்கள். எட்டுதான் இருந்தால் எட்டு என்று எழுதிவிட்டுப் பொறுப்பேற்றிருக்க வேண்டும். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை, மேலிடத்துக்குக் கடிதம் எழுதிவிடுங்கள். பார்க்காமல் போட்ட கையெழுத்து பல வருடம் கழித்துத் தணிக்கைத் தடையாக வந்து ஓய்வூதியத்தையே நிறுத்திவைக்கும். இதைக் கற்க ஒரு வாரம் போதும். அலுவலகத்தில் விதி தெரிந்த ஒருவர் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

அடுத்தது கடினமானது: தினமும் ஒரு பீரியட் யாராவது ஒருவருடைய வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். ஆசிரியரைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பாருங்கள். எத்தனை பேர் வாய் திறந்தார்கள்? கரும்பலகையில் இருப்பதை நோட்டில் எழுதியவர்களில் எத்தனை பேருக்கு அது புரிந்தது? ஜன்னலோரம் இருக்கும் பெண்ணிடம் ஒரு கேள்வியாவது போனதா? இதைக் குறித்துக்கொண்டு, அன்று மாலையே அந்த ஆசிரியரிடம் தனியாகப் பேசுங்கள். "இன்று பாடம் எப்படிப் போனது என்று நினைக்கிறீர்கள்?" என்று அவரை முதலில் பேசவிடுங்கள். வகுப்பில் பிள்ளைகள் முன்னால் ஒரு வார்த்தையும் வேண்டாம். இப்படிப் பேசத் தெரிந்த தலைமை ஆசிரியர் இருக்கும் பள்ளியில் ஆசிரியர்கள் வளர்வார்கள்.

கே: இளநிலை உதவியாளருக்கு பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி உண்டு. ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கு முசோரி உண்டு. தலைமை ஆசிரியருக்கு?
– அரசு ஊழியர், ஈரோடு

ப: நெத்தியடிக் கேள்வி. அவருக்குத் துறைத் தேர்வுகள் உண்டு. கணக்கு விதியும் நிர்வாக விதியும் அதில் வரும். அழுதுகொண்டு வரும் ஆசிரியையை, குடித்துவிட்டு வரும் தகப்பனை எப்படி எதிர்கொள்வது என்பது வராது. டெல்லியில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனம், 1962-இல் யுனெஸ்கோவின் ஆசிய மண்டல மையமாகத் தொடங்கியது. பள்ளித் தலைமைக்கென்று அங்கே தனி மையம் வந்தது 2012-இல்தான், அதாவது ஐம்பது வருடம் கழித்து. தேசியக் கல்விக் கொள்கை 2020, தலைமை ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. மணிக்கணக்கை நான் குறை சொல்லவில்லை. என் குறை வரிசையைப் பற்றியது. நம் ஊரில் முதலில் நாற்காலி, பிறகுதான் பயிற்சி. இடைப்பட்ட காலத்துத் தவறுகளின் விலையைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

கே: எங்கள் கம்பெனியில் மேலாளர்களை வருடாவருடம் நட்சத்திர ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். திரும்பி வந்தால் எல்லாம் பழையபடிதான். ஏன்?
– மனிதவளப் பிரிவு, கோயம்புத்தூர்

ப: பயிற்சி ஹோட்டலிலேயே முடிந்துவிடுகிறது, அதனால்தான். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சியை நான்கு படிகளில் அளக்கச் சொன்னார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, எதையாவது கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் நிறுவனத்தில் என்ன விளைந்தது. கடைசி அரை மணியில் நீட்டப்படும் கருத்துப் படிவம் முதல் படியை மட்டுமே அளக்கும். அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள்: போகும்முன் ஒவ்வொரு மேலாளரும் தன் பிரிவின் ஒரு நிஜப் பிரச்சினையை எழுதிக்கொண்டு போகட்டும். மூன்று மாதம் கழித்து, அவருக்குக் கீழே இருப்பவர்களிடம் "ஏதாவது மாறியிருக்கிறதா?" என்று கேளுங்கள். பதிலில் பயிற்சியின் மதிப்பு தெரிந்துவிடும்.

கே: அப்படியானால் உண்மையில் பலன் தரும் முறை எது?
– வட்டாரக் கல்வி அலுவலர்

ப: என் ஓட்டு ரெக் ரெவன்ஸுக்கு. 1928 ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக நீளம் தாண்டியவர், கேம்பிரிட்ஜில் இயற்பியல் ஆய்வாளர், பிறகு பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியத்தில் கல்வி இயக்குநர். சுரங்க மேலாளர்களுக்கு விரிவுரை வேண்டாம், அவர்களே சிறு குழுவாகக் கூடித் தங்கள் சுரங்கத்தின் சிக்கல்களை ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டு அவிழ்க்கட்டும் என்றார். ஏட்டறிவோடு நல்ல கேள்வியும் சேர்ந்தால்தான் கற்றல் என்பது அவர் வாதம்.

உங்கள் வட்டாரத்திலேயே இதைச் செய்யலாம், செலவு டீ காபிதான். ஐந்து தலைமை ஆசிரியர்கள், மாதம் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் வேறொருவர் பள்ளியில். ஒருவர் தன் சிக்கலைச் சொல்வார்: "எட்டாம் வகுப்பில் மதியத்துக்கு மேல் பிள்ளைகள் குறைகிறார்கள்." மற்றவர்கள் அறிவுரை சொல்லக் கூடாது, கேட்க மட்டும் செய்யலாம். எந்தப் பிள்ளைகள்? எந்த ஊர்? எந்தக் கிழமை? கடைசிப் பீரியட் யாருடையது? அந்த ஊருக்கு பஸ் எத்தனை மணிக்கு? ஐந்தாவது கேள்வியில் அவருக்கே விளங்கிவிடலாம்: பிள்ளைகள் பள்ளிக்குப் பயந்து ஓடவில்லை, மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள். பேச வேண்டியது பெற்றோரிடம் அல்ல, போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வி: "போய்ப் பேசினீர்களா?" இந்தக் கேள்வி இல்லாவிட்டால் முந்தைய கூட்டம் வெறும் அரட்டை.

கே: தலைமைப் பதவிக்குச் சான்றிதழைக் கட்டாயமாக்கினால் என்ன?
– பள்ளித் தாளாளர், சேலம்

ப: இங்கிலாந்து செய்து பார்த்தது. 1997-இல் கொண்டுவந்த தகுதிச் சான்றிதழை 2009-இல் புதிய தலைமை ஆசிரியர்களுக்குக் கட்டாயமாக்கியது, 2012-இல் விலக்கிக்கொண்டது. சிங்கப்பூர் வேறு வழியில் போனது: பொறுப்புக்குத் தகுதியானவர்களை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, மாதக்கணக்கில் முழுநேரமாகப் பயிற்சி கொடுத்து, பிறகே பள்ளியை ஒப்படைக்கிறது. எனக்குச் சரியென்று படுவது அதுதான்.

கே: இலங்கையில் எப்படி?
– ஆசிரியர், யாழ்ப்பாணம்

ப: உங்களுக்குத் தெரியாததா! அங்கே அதிபர் சேவை தனி, கல்வி நிர்வாக சேவை தனி. இரண்டுக்கும் போட்டிப் பரீட்சை உண்டு. தலைமையைத் தனித் தொழிலாக ஏற்றுக்கொண்ட அந்த ஏற்பாட்டைத் தமிழ்நாடு கவனித்துப் பார்க்கலாம்.

கே: நம் கல்வி நிர்வாகிகளில் பாடமாகப் படிக்க வேண்டியவர்?
– மதுரை வாசகர்

ப: நெ. து. சுந்தரவடிவேலு. காமராஜர் காலத்தில் பொதுக்கல்வி இயக்குநர். 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்திலும், ஊராரைத் திரட்டிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் அவர் கை உண்டு. பள்ளிக்கு என்ன குறை என்று முதலில் பட்டியல். பிறகு அதை ஊர் முன் வைத்து, யார் எதைத் தருகிறீர்கள் என்ற கேள்வி. இன்றைய பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அவர்களோடு பேசத் தெரியாத அலுவலருக்கு சுந்தரவடிவேலுவின் 'நினைவு அலைகள்' நல்ல பாடநூல்.

கே: பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. ஆணை வர இன்னும் சில மாதம் ஆகலாம். என்ன செய்ய?
– முதுகலை ஆசிரியர், நாமக்கல்

ப: காத்திருக்காதீர்கள். உங்கள் தலைமை ஆசிரியரிடம் சொல்லி ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள்: கால அட்டவணை போடுவது, மேலாண்மைக் குழுக் கூட்டத்தை நடத்துவது, ஒரு மாத ரொக்கப் புத்தகத்தை அவர் பார்வையில் எழுதுவது. தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: யாராவது இப்படி வந்து கேட்டால் "உனக்கெதற்கு" என்று திருப்பி அனுப்பாதீர்கள். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவையுங்கள்.