சந்திரனுக்குப் பட்டா இல்லை

2030-க்குள் பாரதத்தின் எரிசக்தித் தேவை முழுவதையும் சந்திர மண்டலத்து ஹீலியம்-3 வாயுவே தீர்த்துவைக்கும் என்று விஞ்ஞானி சிவதாணு பிள்ளை 2017-இல் தெரிவித்த நம்பிக்கையை, பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே தம் நிலத்தடியில் பழுப்பு நிலக்கரி கண்டறியப்பட்டும் இன்றளவும் அதன்மேல் நெல் விளைவித்துவரும் புதுச்சேரிப் பாகூர் விவசாயிகள் பரம சந்தோஷத்துடன் வரவேற்கத்தான் வேண்டும். ஏனெனில், 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அந்த மண்ணில் பட்டா, நஷ்டஈடு, ஏரிப் பாசனம் முதலிய உபத்திரவங்கள் ஏதுமில்லை.

நூறு கோடிப் பங்கு மண்ணில் ஒருசில பங்கே அவ்வாயு கலந்திருப்பதால் மலைமலையாய் வாரிக் காய்ச்ச வேண்டும் என்பதும், வடித்ததை எரித்து மின்சாரம் வழங்கும் அணுச்சேர்க்கை உலை பூலோகத்தில் இன்னும் எங்குமே இல்லை என்பதும் அற்ப விஷயங்கள். அடுப்பு மூட்டுமுன் விறகுக்கு ஆளனுப்புவதும் தீர்க்கதரிசனமே. அதுவரை, பாகூர் மோட்டார்களுக்கு நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி மின்சாரம் தடையின்றி வந்தால் போதும்.