சூப்பர்வைசர் தம்பி

நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48. அதைத் தாண்டினால் இரண்டு மடங்கு கூலி என்று 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டத்தில் எழுதிவைத்துவிட்டார்கள். நம் முதலாளிகள் சும்மா இருப்பார்களா? மேற்பார்வைப் பதவிக்கு விலக்கு உண்டு என்று துருவிக் கண்டுபிடித்தார்கள். மறுநாளே பேக்கிங்கில் பெட்டி ஒட்டுகிற பையன் சூப்பர்வைசர். கழுத்தில் புது ஐடி கார்டு, கையில் அதே டேப். அவனுக்குக் கீழே ஒரு ஈ காக்கா கிடையாது. பார்க்க வேண்டியது செய்கிற வேலையை, கார்டை அல்ல. ஆனால் கேஸ் போட அவனுக்கு லீவு கிடைக்க வேண்டுமே!

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பவே, நல்ல நாள் பார்த்து மே தினத்தில் வாபஸ் அறிவித்தார்கள். தம்பி அன்றைக்கும் டியூட்டி.