புனே லோடுக்குப் போற மாப்பிள்ளைக்கு

ஏண்டா மாப்பிளே, ஆடி மழையில புனேக்கு லோடு ஏத்திட்டயாமா? தண்ணி எத்தனை நின்னாலும் என் வண்டி நிக்காதுன்னு சங்ககிரி டீக்கடையில சவால் வேற உட்டயாமா. புனேக்கு உன்னைய மாதிரி ஆளுகன்னா ரொம்பப் பிரியம்.

அங்க முட்டா ஆத்துக்குள்ளயே தாழ்வா பிடே பாலம்னு ஒண்ணு கட்டி வெச்சிருக்காங்க. மேல கடக்வாஸ்லா அணையில மதகைத் தூக்குனா பாலம் முங்கிப்போகும். 2024 ஜூலை 25ந் தேதி அப்படித் தொறந்து உட்டதுல சிங்ககட் ரோட்டு ஏக்தா நகரியில வீட்டுக்குள்ளயே ஆறு வந்திருச்சு. படகு உட்டு ஆளுகளைக் கூட்டிட்டு வந்தாங்க. நீ லாரியிலயே போ, தப்பில்ல. துடுப்பு மட்டும் ஒண்ணு வாங்கிக்க.

எறங்கியே தீருவேன்னா, முன்னாடி ஒருத்தன் போறவரைக்கும் பீடி பத்த வெச்சுட்டு நில்லு. அவன் வண்டிக்கு வீலோட நடு வரைக்கும் தண்ணின்னா நீயும் போலாம். பம்பரைத் தொட்டா ஓரங்கட்டிச் சோத்தைப் பொங்கு. ஓடற தண்ணின்னா அந்தக் கணக்கும் செல்லாது, எறங்கவே எறங்காதே.

செகண்டு கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரை ஒரே சீரா மிதிச்சு ஊர்ந்து போ. நடுவுல கியர் மாத்தாதே. வேகம் காட்டுனா அலை எந்திரிச்சு ஏர் ஃபில்டர் வழியா தண்ணி சிலிண்டருக்குள்ள போயிரும். காத்தை அமுக்கற பிஸ்டன் தண்ணியை அமுக்குமா? கனெக்டிங் ராடுதான் வளையும். அப்படி நடுத்தண்ணியில ஆஃப் ஆச்சுன்னா, உடாம செல்ஃப் அடி. மெக்கானிக் வீட்டுல கல்யாணம் வெச்சிருக்கான், மொய்யா இருக்கட்டும்.

கரையேறுன உடனே மீசையை முறுக்காதே. டிரம்முக்குள்ள லைனர் நனைஞ்சிருக்கும். மெதுவா உருட்டிக்கிட்டே பிரேக்கை லேசு லேசா மிதிச்சு சூடேத்திக் காயவை. இல்லீனா வழியில வர்ற கம்பாட்கி காட் மலை எறக்கத்துல நீ மிதிப்பே, வண்டி கேக்காது. கியர் ஆயில் பால் ஊத்துன டீயாட்டம் வெளுத்திருந்தா தண்ணி கலந்திருச்சு, மாத்திரு.

சேத்துல சிக்குனா ஆக்சிலேட்டரை மிதிச்சுக் கெணறு தோண்டாதே. மண்வெட்டியில டயருக்கு முன்னாடி வழிச்சுட்டு, சாக்கும் ஜல்லியும் போட்டு மெல்ல எடு. பொறவு ரெட்டை டயருக்கு நடுவுல மாட்டுன கல்லை நோண்டிப் போடு.

தண்ணியே கண்ணுல படாம முங்குன லாரியும் புனேயில உண்டு. 2024 செப்டம்பர் 20, புதவார் பேட்டை சிட்டி போஸ்ட் ஆபீஸ் வளாகம். சாக்கடை சுத்தம் பண்ண வந்த மாநகராட்சி லாரி. தரை உள்வாங்கி, பின்பக்கமா அப்படியே குழிக்குள்ள எறங்கிருச்சு. டிரைவர் தப்பிச்சுக்கிட்டாரு, வண்டியைக் கிரேன் வந்துதான் தூக்குச்சு. அதனால தேங்குன தண்ணிக்கடியில ரோடு இருக்குதுன்னு நீயா முடிவு பண்ணாதே.

மதகு தொறக்கறாங்கன்னு சேதி வந்தா புனேக்குள்ள நுழையற எடத்துல இருக்கற காத்ராஜுக்கு இந்தப்பக்கமே வண்டியைப் போட்டுரு. ஒரு நாள் லேட்டானா ஓனர் போன்ல கத்துவான். சத்தத்தைக் கொறைச்சு வெச்சுக்க.