டாக்டருக்காகச் சட்டை போட்டேன்

ஒரே பிள்ளையின் கையில் வேலைக் கொடுத்துப் போருக்கு அனுப்பிய மறத்தியைப் புறநானூற்றில் பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார். எங்கள் ஊர்க்காரர் என்றுதான் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். ஒக்கூர் என்ற பேரில் வேறு ஊரும் உண்டே என்று கேட்பவர்களுக்கு நாங்கள் பதில் சொல்வதில்லை. அப்பேர்ப்பட்ட வீர மண்ணில் பிறந்த எனக்கு ஓ.டி.பி. என்றால் கை நடுங்குகிறது.

வயசாளிகள் செல்போனைத் தொடமாட்டார்கள் என்பது அபாண்டம். ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் அனுப்பாத கிழவர் எங்கள் தெருவில் இல்லை. சர்க்கரைக்கு வைத்தியம் சொல்லி வரும் வாட்ஸ்அப் செய்தியை ஊருக்கெல்லாம் தள்ளிவிடுவோம். அதே போனில் நிஜ டாக்டர் வருகிறார் என்றால்தான் பம்முவோம்.

இ-சஞ்சீவனி என்று மத்திய அரசின் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 2020 ஏப்ரலில், ஊரடங்கு சமயத்தில், வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்கும் வசதியும் அதில் வந்தது. காசு கிடையாது. போன் எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி.; அப்புறம் டோக்கன்; முறை வந்ததும் திரையில் டாக்டர்; பார்த்து முடித்தால் மருந்துச் சீட்டும் போனுக்கே. "ஒரு தடவை பாருங்க அப்பச்சி" என்று சிங்கப்பூரிலிருந்து மகன் நச்சரித்துக்கொண்டே இருந்தான்.

ஐயா கட்டிய வீடு. சுவர் கனத்துக்குத் திருடனும் நுழைய முடியாது, சிக்னலும் நுழையாது. வளவில் வெயிலில் நின்றால்தான் இரண்டு கோடு தெரியும். வீட்டில் துண்டோடு திரிகிற ஆள், டாக்டருக்காகச் சலவைச் சட்டை போட்டு, திருநீறு பூசி நின்றேன். போனைப் பிடித்தது வீட்டு ஆச்சி. டாக்டர் சின்னப் பையன். "ஐயா, அண்டா நல்லாத் தெரியுது. உங்களக் காட்டச் சொல்லுங்க" என்றார்.

திருப்பிக் காட்டினாள். "இனிப்பு சாப்பிடுறீங்களா?"

"எப்பவாச்சும்..."

"இவுக சொல்றத நம்பாதீக தம்பி! நேத்து ராத்திரி மாவுருண்டைத் தூக்கையே காலி பண்ணிட்டாக."

ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய், டாக்டரிடம் நிம்மதியாகப் பொய் சொல்லி வந்த காலம் அன்றோடு முடிந்தது. எங்கள் வயசு ஆண்கள் இந்த வசதிக்கு ஏன் ஒத்துவருவதில்லை என்று ஆராய்கிறவர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமோ எங்களுக்குச் சுலபமாக ஒட்டிக்கொண்டது. அதில் வேலை பார்க்கும் பெண் படியேறி வந்து, கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்ப்பார், விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார், மாத்திரை கொடுப்பார். ஓ.டி.பி. கேட்பதில்லை. சுகாதார நிலையத்துக்குப் போனால் அங்கிருப்பவரே திரையில் டாக்டரைக் கூப்பிட்டுக் கொடுக்கும் வழி இ-சஞ்சீவனியிலும் உண்டு. பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் நாங்கள் எந்தப் பொத்தானையும் அமுக்குவோம்.

ஆகவே, வெளியூர்ப் பிள்ளைகளே! படைப்புக்கு ஊருக்கு வரும்போது புதுப் போன் வாங்கி வராதீர்கள். இருக்கிற போனை எங்கள் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, நாங்களே அமுக்கும்வரை பொறுமையாக இருங்கள். டாக்டர் திரையில் வந்ததும் போனை நீங்களே பிடியுங்கள். ஆத்தாவிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.