குளத்தடியில் பிளாட் போடுவது எப்படி?

அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கம் நஞ்சையை வாங்கி பிளாட் போடக் கிளம்பிவிட்டீர்கள். நல்லது. உங்களுக்கு ஒரே இடைஞ்சல் தண்ணீர். தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டு, அணைக்கட்டிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளம் பெருகினால் மறுகால், அந்த மறுகாலே அடுத்த குளத்துக்கு வரத்து என்று பள்ளத்தாக்கு முழுக்க முன்னோர்கள் ஏற்பாடு செய்து வைத்துவிட்டார்கள். பிளாட் வியாபாரம் என்று ஒன்று வரும் என்கிற யோசனையே அவர்களுக்கு இல்லை. அந்தக் குறையைச் சரிசெய்யும் வழிகள் கீழே.

1. இடத்தைச் சித்திரையில் பாருங்கள்

வரத்துக்கால் வறண்டு, உடைமரம் மண்டி, ஓடையா வண்டிப்பாதையா என்று யாரும் சொல்ல முடியாத பதத்தில் இருக்க வேண்டும். உங்கள் முப்பதடி ரோடு அதுதான். விற்பனையை ஆனித் தேரோட்டத்தை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் ஊருக்கு வந்தவர்கள் குற்றாலத்தில் குளித்து மனசு குளிர்ந்திருக்கும் நேரம். ஐப்பசியும் கார்த்திகையும் சைட் ஆபீஸுக்கு விடுமுறை.

2. பள்ளத்தில் சரள் அடியுங்கள்

அங்கே தங்கிய தண்ணீர் இனி எங்கே போகும் என்று கவலைப்படாதீர்கள். பக்கத்துப் பழைய தெருவுக்குப் போகும். அங்கே உங்களிடம் மனை வாங்கியவர் யாரும் இல்லை. மிச்ச வேலையை மனை வாங்கியவர்களே பார்த்துக்கொள்வார்கள். பின்னால் வீடு கட்டுபவர் முன்னவரைவிட ஓரடி உயரமாக பேஸ்மென்ட் போடுவார். அப்புறம் ரோடு உயரும். முதலில் கட்டியவர் தன் வீட்டுக்குள் படி இறங்கிப் போவார்.

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது விதி. அதற்கு இருப்பதிலேயே மேடான மூலையைக் கொடுங்கள். பள்ளமான மூலையை விட்டால் மழைத்தண்ணீர் அங்கே போய்த் தங்கித் தொலைக்கும்.

3. கணக்குத் தெரிந்தவரைப் பேச விடாதீர்கள்

ஒரு சென்ட் நிலத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர். ஐந்து சென்ட் மனைக்கு 20,000 லிட்டர். நூறு மனைக்கு 20 லட்சம். வயலாக இருந்தபோது வரப்பு அதை நிறுத்தியது, மண் குடித்தது, மிச்சம் பைய வடிந்தது. மாடியும் சிமென்ட் முற்றமும் பேவர் பிளாக்கும் வந்துவிட்டால் பெரும்பகுதி உடனே ரோட்டுக்கு ஓடிவரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையில் பாளையங்கோட்டையில் 44 செ.மீ., காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது. அந்த எண்களை வைத்து ஒருவர் பெருக்கத் தொடங்கினால் சட்டென்று டீ சொல்லிவிடுங்கள்.

4. மழைநீர் சேகரிப்புக்கு ஒரு போட்டோ

2003 முதல் இது கட்டாயம். மாடியிலிருந்து ஒரு பிவிசி குழாயை இறக்கி மண்ணில் செருகினால் படத்துக்குப் போதும். ஜல்லி நிரப்பிய மூன்றடிக் குழி ஒரு நேரத்தில் சில நூறு லிட்டர்தான் பிடிக்கும் என்பதைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள்.

5. வடிகால் வாசலில் அழகாகத் தெரியட்டும்

இரு பக்கமும் கான்கிரீட் வடிகால், மேலே மூடி. கொத்தனார் வாட்டம் பார்க்க வேண்டும் என்பார். நேரமில்லை என்று சொல்லுங்கள். கடைசி மனையோடு வடிகாலும் முடிந்துவிடலாம். மனசு கேட்கவில்லை என்றால் பாளையங்கால்வாயில் கொண்டுபோய்ச் சேருங்கள். மேலப்பாளையம், பாளையங்கோட்டைச் சாக்கடையை எல்லாம் சுமந்து பழகிய கால்வாய் அது. கால்வாயும் நிரம்பி ஓடும் நாளில் உங்கள் வடிகால் பின்பக்கமாக ஓடி மனைகளுக்குள் வரும். விளம்பரத்தில் ‘இருவழி வடிகால்’ என்று போட்டுக்கொள்ளலாம்.

6. சமாதானங்களைத் தயாராக வையுங்கள்

“2023-இல் கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸுக்குள்ளேயே தண்ணி வந்துட்டு, நாம எம்மாத்திரம்?” என்பது முதல் பதில். “குறுக்குத்துறை முருகனே முங்குதாரு” என்பது இரண்டாவது. இரண்டாவதை ஆள் பார்த்துச் சொல்லுங்கள். அந்த முருகன் கோவில் ஆற்றுக்குள் நிற்கப்போகிறது என்று தெரிந்தே, வெள்ளத்தைக் கிழித்து விலக்கும் படகு முனைச் சுவரோடு கட்டப்பட்டது. தண்ணீர் ஏறுகிறது என்றால் உற்சவர் மேலக்கோவிலுக்கு எழுந்தருளிவிடுவார். “எங்க வீட்டு பிரிட்ஜுக்கு மேலக்கோவில் எங்கே இருக்கு?” என்று எவராவது கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

7. இந்த ஆட்களிடம் ஜாக்கிரதை

கார்த்திகை அடைமழையில் குடையோடு வந்து மனையில் நிற்பவர்.

புலப்படமும் அ-பதிவேடும் கேட்டு, “ஓடைப் புறம்போக்கு எந்தப் பக்கம் போகுது?” என்று விரல் வைத்துத் தேடுபவர். நீர்நிலைக்குள் விழும் மனைக்கு வரன்முறை கிடையாது, குளத்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே சட்டம் வந்துவிட்டது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

அந்த வயக்காட்டுக்கு முன்பு மடை திறந்துவிட்ட பெரியவர். எந்தப் பத்திரத்திலும் எழுதாததெல்லாம் அவர் வாயில் இருக்கிறது. டீக்கடைப் பக்கம் அவரைப் பேச விடாதீர்கள்.

கடைசியாக, சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பியவர். அங்கே 2014 முதல், ஏறத்தாழ அரை ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள இடங்களில் புதிதாகக் கட்டுபவர்கள் மழைத்தண்ணீரைத் தங்கள் இடத்திலேயே தேக்கி மெதுவாக வெளியே விட வேண்டும் என்பார். அதோடு நிறுத்தமாட்டார். “நீங்க மூடுன வயக்காடு இதைத்தானே காசில்லாமச் செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?” என்பார். எல்லா மனையும் விற்றாகிவிட்டது என்று அவரை அனுப்பிவையுங்கள்.

8. உங்கள் சொந்த வீடு

மனையெல்லாம் விற்று முடிந்ததும் வந்த லாபத்தில் நீங்களும் ஒரு வீடு கட்டுவீர்கள். அதற்கு இடம் பார்க்கும்போது மேலே உள்ள ஏழு வழிகளையும் மறந்துவிடுங்கள். ஐப்பசி மழையில் போங்கள். புலப்படத்தை வாங்கி ஓடையைத் தேடுங்கள். மறுகால் எந்த வழியாகப் போகும் என்று அந்தப் பெரியவரிடமே கேளுங்கள். வடிகால் எங்கே முடிகிறதோ அதுவரை நடந்து பாருங்கள். நல்ல மேடாகப் பார்த்து வாங்குங்கள், அண்ணாச்சி. பள்ளத்தைத்தான் மிச்சமில்லாமல் விற்றுவிட்டீர்களே.