கருப்பட்டிக்கு எதுக்குளா ரோசாப்பூ?

ஏளா, வா, இங்கன உக்காரு. நீ விக்கதுக்குன்னு எடுத்த போட்டோவைப் பாத்தேன். பிரமாதம்! ரெண்டு பிளாஸ்டிக் ரோசாப்பூ, ஒரு சீரியல் செட்டு, உங்க மாமன் துபாயிலருந்து கொண்டாந்த காப்பிக் கோப்பை, பக்கத்துல யாரும் படிக்காத ஒரு இங்கிலீஷ் புத்தகம். எல்லாம் இருக்கு. கருப்பட்டியைத்தான் காணும். கண்ணாடியைத் தொடைச்சுத் தொடைச்சுத் தேடுனதுல கண்ணு பூத்துப்போச்சு. எந்தச் சரக்கை விக்கப்போறோம்னு மொதல்ல முடிவு பண்ணு மக்கா.

அதுவும் எப்ப எடுத்திருக்க? ராத்திரி ஒம்பது மணிக்கு. மேல டியூப்லைட்டு, பக்கத்துல மஞ்ச பல்பு, போதாக்குறைக்குப் போன்லருந்து ஒரு பிளாஷ். ஒரு பக்கம் நீலம் பாரிச்சு, மறுபக்கம் மஞ்சக்காமாலை வந்தாப்ல கெடக்கு கருப்பட்டி. சன்னல் வழியா வார வெளிச்சத்துக்குக் கரண்டு பில்லு இல்லல்லா, அதான் ஒனக்கு அதோட மதிப்புத் தெரியல. காலம்பற, வெயில் நேரா விழாத சன்னலாப் பாத்து, பக்கவாட்டுல வெளிச்சம் படுத மாதிரி வை. வீட்டு லைட்டு அத்தனையும் அணை.

வடக்குச் சன்னல்தான் விசேஷம்னு எவனோ சொன்னானாக்கும்? குளிர் தேசத்துக்காரன் சொல்லியிருப்பான். அவன் ஊருக்கு அது சரி. நம்ம உடன்குடிப் பக்கம் சித்திரை பொறந்ததுலருந்து ஆவணி பாதி வரைக்கும் உச்சிச் சூரியன் வடக்க சாஞ்சுல்லா போறான். பதனி காய்ச்சுத மாசமும் அதுதான். அப்ப தெக்குச் சன்னலுக்குப் போ. வேற வழியில்லாம வெயில் உள்ள வந்தா, என் வெள்ள வேட்டி ஒண்ணைச் சன்னல்ல கட்டு. துவைச்சதுதான், மூக்கைப் பொத்தாத.

மறுபக்கம் இருட்டாத் தெரிஞ்சா, டி.வி. பெட்டியில வந்த தெர்மாகோல் பரண்ல கெடக்கு. அதை எதிர்த்தாப்ல நிறுத்து. பின்னால ஒரு வெள்ளச் சார்ட் பேப்பரைச் சுவத்துலருந்து மேசை வரைக்கும் மடிக்காம வளைச்சு ஒட்டு. பத்து, இருவது ரூவாயில ஸ்டூடியோ ஆச்சு. அப்புறம் போன் லென்சைப் பருத்தித் துணியால ஒருக்கா தொடை. முறுக்கு தின்ன கையோட எடுத்தா, மார்கழியில என்ன, அக்கினி நட்சத்திரத்துலயும் பனிமூட்டம்தான்.

போனுக்குள்ள இருக்கவன் ஒரு அரைவேக்காடு. கருப்பா எதைக் கண்டாலும் 'ஐயோ இருட்டு'ன்னு வெளுத்துவிடுவான். வெள்ளையாக் கண்டா 'அம்மாடி வெளிச்சம்'னு மங்க அடிப்பான். அவன் சொல்லுததைக் கேக்காத. கருப்பட்டி மேல வெரலை வச்சு அமுக்கு. ஒரு சூரியன் படம் வரும். அதைக் கொஞ்சம் கீழ எறக்கு. நாளைக்குப் பச்சரிசி மாவு விக்கும்போது மேல ஏத்து. முத்தம் கொடுக்கப் போறவ கணக்கா கிட்டப் போவாத. சிரட்டையில ஊத்துன வட்டம் கோணிப்போவும். ரெண்டடி தள்ளி நின்னு எடுத்துட்டுப் பொறவு ஓரத்தை வெட்டு.

இதெல்லாம் சில்லறை வேலை. சங்கதி வேற ஒண்ணு இருக்கு. சந்தையில கருப்பட்டி வாங்குதவன் என்ன செய்யான்? கையில தூக்கிப் பாரம் பாக்கான். தட்டிப் பாக்கான். ஓரத்தை ஒடைச்சு உள்ளுக்க எட்டிப் பாக்கான். 'சும்மா ருசி பாக்கேன்'னு கால் கட்டியைத் தின்னுட்டு வெலையைக் கொறைக்கச் சொல்லுதான். போட்டோ பாத்து வாங்குதவனுக்குக் கையும் இல்ல, நாக்கும் இல்ல. பாவம், கண்ணு மட்டுந்தான். அவன் கை செய்யுத வேலையை ஒன் படம் செய்யணும். முழுசா ஒண்ணு, அடியில சிரட்டைத் தடம் தெரிய. ஒடைச்சது ஒண்ணு, உள்ள பொருபொருன்னு இருக்கது தெரிய. தராசுல ஒண்ணு, எடை தெரிய. ஓலைக் கொட்டான்ல அடுக்குனது ஒண்ணு, எப்படி வந்து சேரும்னு தெரிய. நாலு படம் போதும்.

பில்டருன்னு ஒண்ணு போட்டு, கருப்பட்டியைப் பவுன் நெறத்துல ஆக்கியிருக்கியே, அது எந்த ஊரு பனைமரத்துல எறங்குச்சு? கல்யாணத் தரகன் பேச்சை நம்பி வந்த மாப்பிள்ளை ஒரு நா சிரிச்சுக்கிட்டுப் போயிருவான். காசு கொடுத்தவன் போவமாட்டான். வந்த பார்சலைப் பிரிச்சு வச்சு அவனும் ஒரு போட்டோ எடுப்பான். அது ஒன் படத்தைவிட நல்லா ஓடும்.

நல்ல படம் ஆளை ஒருக்காதான் கூட்டியாரும். மறுக்கா கூட்டியாரது சரக்குதான். படத்துல இருக்கது பார்சல்ல இருக்கணும், அம்புட்டுதான் யாவாரம். நாளைக்குக் காலையில எடு. படத்துக்குன்னு ஒடைக்குத கட்டியை மட்டும் வீணாக்கிராத மக்கா; தாத்தாவுக்குக் காப்பி போட ஆவும்.